தொலையாத புத்தகங்களின் கணக்கு

அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவாகப் பள்ளிகொண்டாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு என்றால் சாதி ஒழிப்பு, இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பௌத்தம் என்று ஏதாவது ஒன்றை எடுத்துப் பேசுவதுதான் நம் வழக்கம். கல்லூரி நூலகருக்குப் பதவி உயர்வு கொடுக்கும்போது அவருடைய வேலையை எதை வைத்து அளக்கிறார்கள் என்று பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "அது நூலகர் சங்கத்துல பேசற விஷயமாச்சே தோழர்" என்றார் ஒருவர். நியாயமான தயக்கம்தான். நூலகர் சங்கத்தில் இதைப் பேசினால் ஊதிய நிலை, நிலுவைத் தொகை என்று பேசுவார்கள். பேசவும் வேண்டும். ஆனால் அந்த அளவுகோலால் லாபமோ நட்டமோ அடையும் இன்னொரு தரப்பு இருக்கிறது. அது நூலகத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிற மாணவர்.

விடியற்காலையில் இந்த நெடுஞ்சாலையில் நின்றால் ஷூ கம்பெனி வேன்கள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர்ப் பக்கம் போவதைப் பார்க்கலாம். அந்த வேனில் போகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் குடியாத்தம் அரசுத் திருமகள் ஆலைக் கல்லூரிக்கும், வேலூர் முத்துரங்கம் கல்லூரிக்கும், ஊரிசு கல்லூரிக்கும், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரிக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் புத்தகம் என்று இருப்பது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. மேல்சாதி நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் அலமாரி, மாமாவின் அலமாரி, காசு கொடுத்தால் வீட்டுக்கே வரும் புத்தகம் என்று நாலு வழி இருக்கிறது. கல்லூரி நூலகம் பூட்டிக் கிடந்தாலும் அந்தப் பிள்ளை படித்துவிடும். நம் பிள்ளைக்கு அது ஒன்றுதான் அலமாரி. ஆகவே அந்த அலமாரியின் சாவியை வைத்திருப்பவரை எது பயமுறுத்துகிறது, எது ஊக்கப்படுத்துகிறது என்று தெரிந்துகொள்வது நம் வேலைதான்.

தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் புத்தக வங்கித் திட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1970களின் இறுதியில் வந்த திட்டம் அது. மருத்துவம், பொறியியல், கால்நடை, வேளாண்மை, பாலிடெக்னிக், பிறகு சட்டம், பட்டயக் கணக்கு, எம்பிஏ போன்ற படிப்புகளுக்காக வகுக்கப்பட்டது. பி.ஏ. வரலாறும் பி.ஏ. தமிழும் பி.காமும் படிக்கிற நம் பெரும்பான்மைப் பிள்ளைகள் அதற்குள் வரவில்லை.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் கல்லூரி நூலகர் எழுத்தர் வகையில் சேர்ந்தவர் இல்லை. ஆசிரியருக்கு இணையான கல்விசார் பணியாளர். உதவிப் பேராசிரியர் நுழைகிற அதே 10ஆம் ஊதிய நிலையில், மாதம் 57,700 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் நுழைகிறார். நூலக அறிவியலில் முதுகலையும் தகுதித் தேர்வும், அல்லது முனைவர் பட்டமும் வேண்டும். பணி மேம்பாட்டுத் திட்டத்தின்படி முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் 5 ஆண்டு, இரண்டும் இல்லாவிட்டால் 6 ஆண்டு முடித்து, 68,900 ரூபாயில் தொடங்கும் 11ஆம் நிலைக்குப் போகலாம். அதற்குப் பயிற்சி வகுப்புகள் முடித்திருக்க வேண்டும். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளில் ஒன்றைத் தவிர மற்ற ஆண்டுகளிலெல்லாம் 'நன்று' அல்லது 'திருப்தி' வாங்கியிருக்க வேண்டும். அதாவது தவறிப்போக அனுமதி ஒரே ஓர் ஆண்டுக்குத்தான்.

அந்த ஆண்டு மதிப்பீட்டை எப்படிச் செய்வது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அறிவித்த ஒழுங்குமுறை விதிகளில் நூலகர்களுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. 2010இல் கொண்டுவந்த மதிப்பெண் முறை குழப்பமாக இருக்கிறது என்று எல்லோரும் கத்தியதால் எளிமையாக்கிக் கொடுத்த அட்டவணை இது. ஐந்து இனங்கள்.

முதலாவது, நூலகர் வேலைக்கு வந்த நாள். 90 சதவீதத்துக்கு மேல் வந்தால் நன்று, 80க்கு மேல் என்றால் திருப்தி. நூல்களை ஒழுங்குபடுத்துவது, வாசகர்களுக்குத் தேடித் தருவது என்று செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் இதன் கீழே எழுதியிருக்கிறார்கள். ஆனால் தரம் போடுவது வருகைப் பதிவேட்டை வைத்துத்தான். தேடித் தந்தாரா இல்லையா என்பதற்குத் தனியாகக் கணக்கு இல்லை. இரண்டாவது, கருத்தரங்கு, பயிலரங்கு நடத்துவது. மூன்றாவது, நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது அல்லது நூற்பட்டியலைப் புதுப்பித்து வைப்பது. நான்காவது, இருப்புச் சரிபார்ப்பு: சரிபார்த்து, காணாமல் போன நூல்கள் 0.5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் நன்று. 1 சதவீதத்துக்குக் குறைவு என்றால் திருப்தி. 1 சதவீதமோ அதற்கு மேலோ போனால், அல்லது சரிபார்க்கவே இல்லையென்றால், திருப்தியில்லை. ஐந்தாவது பல சரக்கு மூட்டை: நூலக வலைப்பின்னல், தகவல் பரப்பும் ஏற்பாடு, வாசகர்களுக்குக் குறுகிய காலப் படிப்பு, சேர்க்கைக்கும் தேர்வுக்கும் நிர்வாகத்துக்கு உதவுவது, ஆய்வுக் கட்டுரை. இவற்றில் எதையாவது இரண்டைச் செய்தால் நன்று. தேர்வு மேற்பார்வைக்குப் போய் ஒரு கட்டுரையும் போட்டுவிட்டால் மூட்டை கட்டியாயிற்று.

ஒட்டுமொத்தத் தரம் வாங்க முதல் இனம் கட்டாயம். மற்றவற்றில் இரண்டு தேறினால் போதும், ஆனால் அந்த இரண்டில் ஒன்று நான்காவதாக இருந்தே ஆக வேண்டும் என்கிறது விதி. ஆக, விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு. நூலகர் வந்தாரா? புத்தகம் இருக்கிறதா?

மாணவர் வந்தாரா, புத்தகத்தை எடுத்துப் போனாரா என்று ஐந்து இனத்தில் ஓரிடத்திலும் கேட்கவில்லை. ஆண்டு முழுவதும் ஒரு புத்தகம்கூட இரவல் கொடுக்காத நூலகர் இந்தப் படிவத்தில் 'நன்று' வாங்கலாம். வாங்கலாம் என்ன, அவருக்குத்தான் அது சுலபம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்கிய ஓர் அரசுக் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். நூலகத்தில் 4,000 புத்தகங்கள். 0.5 சதவீதம் என்றால் 20. 1 சதவீதம் என்றால் 40. அங்கே இருக்கிற நூலகர் சுறுசுறுப்பானவர். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். ஓர் ஆண்டில் 10,000 தடவை புத்தகம் வெளியே போய் வருகிறது. ஆண்டுக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 45 புத்தகம் குறைகிறது. இருநூறு தடவைக்கு மேல் கொடுத்ததில் ஒன்றுதான் வரவில்லை. இருப்பைக் கொண்டு கணக்கிட்டால் இவர் 'திருப்தியில்லை'. பக்கத்துக் கல்லூரியில் அதே 4,000 புத்தகம், கதவு பாதி நாள் சாத்தியிருக்கிறது, 300 தடவை இரவல், குறைந்தது 5 புத்தகம். அறுபது தடவைக்கு ஒன்று தொலைந்திருக்கிறது. ஆனால் அவர் 'நன்று'.

இப்படி அளப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளில், 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், 215ஆம் விதி நூலகங்களின் இருப்புச் சரிபார்ப்பைப் பற்றிச் சொல்கிறது. வழங்கியதும் பார்வையிட்டதுமாக ஆண்டில் புழங்கிய நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது நியாயமான இழப்பு, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இது ஏதோ புரட்சிகர அறிக்கை இல்லை. தணிக்கைக்காரர்கள் கையில் வைத்திருக்கிற நிதி விதிப் புத்தகம். அந்தப் புத்தகத்துக்கே தெரிந்திருக்கிறது, இழப்பை ஒப்பிட வேண்டியது புழக்கத்தோடு என்று. அதன்படி நம் சுறுசுறுப்பான நூலகருக்கு 10,000 தடவைக்கு 50 புத்தகம்வரை அனுமதி உண்டு. அவர் தொலைத்தது 45. கதவைச் சாத்தி வைத்தவருக்கு 300 தடவைக்கு ஒன்றரைப் புத்தகம்தான் அனுமதி. அவர் தொலைத்தது 5. அரசு அலுவலக நூலகத்துக்கு வகுத்த நிதி விதியில் இருக்கிற விவேகம், மாணவர்களுக்காகவே இருக்கிற கல்லூரி நூலகத்தின் மதிப்பீட்டில் இல்லை.

இதன் விளைவு எப்படி இருக்கும்? நான் போயிருந்த ஒரு கல்லூரியில் அம்பேத்கர் நூல் தொகுப்பின் தமிழ் 37 தொகுதிகளும் கண்ணாடி பீரோவில் இருந்தன. அட்டை கசங்காமல், முதுகுப் பக்கம் ஒரு கீறல் இல்லாமல். பூட்டு. 'ரெஃபரன்ஸ்' என்று ஒரு சீட்டு. கேட்டால் கொடுப்பீர்களா என்றேன். அங்கிருந்த நூலகர் கெட்டவர் இல்லை, உண்மையைச் சொன்னார்: "கொடுத்து ஒண்ணு திரும்பி வரலன்னா செட்டு போயிடும் சார். முப்பத்தேழு முப்பத்தாறு ஆயிடும். அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்." அந்தத் தொகுதிகளை வாங்க எந்த நிதியைப் பயன்படுத்தினார்களோ தெரியாது, படிக்க வேண்டிய பிள்ளை அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்துவிட்டுப் போகும். அண்ணலைச் சிலையாக்கிக் கூண்டுக்குள் வைப்பதைப் பற்றி நாம் நிறைய பேசியிருக்கிறோம். நூலாகவும் கூண்டுக்குள்தான் இருக்கிறார்.

அடுத்தது சந்தேகம். இழப்பைக் கண்டு பயப்படுகிற ஒருவர் யாரைச் சந்தேகிப்பார்? சாதி படிந்த சமூகத்தில் சந்தேகமும் சாதி பார்த்துத்தான் விழும். காலனிப் பெயர் உள்ள முகவரி, தேய்ந்த செருப்பு, தயங்கிக் கேட்கிற குரல். "நீ இங்கயே உக்காந்து படி" என்ற பதில் கிடைப்பது அந்தப் பிள்ளைக்குத்தான். மூன்று மணிக்குப் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியாத பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? புத்தகம் தொலைத்த மாணவருக்கு ஹால் டிக்கெட்டையும் டி.சி.யையும் நிறுத்த 'நோ டியூஸ்' சீட்டு இருக்கிறது. ஆனால் பல கல்லூரிகளில் நீண்ட நாள் திரும்பாத புத்தகங்கள் இருப்பது துறைத்தலைவர்களின் வீட்டு மாடியில். அவர்களிடம் போய்க் கேட்கிற துணிச்சல் எந்த நூலகருக்கு வரும்? ஆகவே தொலைந்த புத்தகத்தின் பழியும் கீழ் நோக்கித்தான் ஓடும், பாலாற்றில் கழிவு நீர் ஓடுகிற மாதிரி.

அரசுப் பணத்தில் வாங்கிய புத்தகம் தொலையலாமா என்று ஒரு கேள்வி வரும். தொலையக் கூடாது. இன்று தொலைகிற புத்தகம் அடுத்த வருடம் வருகிற நம் தங்கைக்கு இல்லாமல் போகிற புத்தகம். அதை நான் லேசாகப் பேசவில்லை. ஆனால் எண்ணெய் விளக்கை ஏற்றாமல் வைத்து எண்ணெய் மிச்சம் என்று கணக்குக் காட்டுகிறவரைச் சிக்கனக்காரர் என்று யாரும் பாராட்ட மாட்டோம்.

ஐரோப்பாவின் பழைய மடாலய நூலகங்களில் புத்தகத்தை அலமாரியோடு இரும்புச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அந்த மனநிலையை உடைக்க வேண்டும் என்று எழுதியவர் நம்மூர்க்காரர்தான், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளியான அவருடைய நூலக அறிவியல் ஐந்து விதிகளில் முதலாவதே, நூல் காத்து வைப்பதற்கானதில்லை, புழங்குவதற்கானது என்பதுதான். ஆகஸ்ட் 12ஆம் தேதி நூலகர் நாள் என்று கல்லூரி கல்லூரியாக அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். மாலை போட்ட கையோடு, அவருடைய முதல் விதியைக் கண்டுகொள்ளாத படிவத்தைப் பூர்த்தி செய்கிறார்கள். பிராமணர் ஒருவர் சொன்னதை இந்த மேடையில் ஏன் சொல்கிறாய் என்று யாராவது நினைத்தால், நமக்குப் பயன்படுகிற கருவி யார் பட்டறையில் அடித்ததாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

நம் வரலாற்றுக்கு வருகிறேன். பள்ளி மாணவராக இருந்த பீமாராவ், பம்பாயில் சர்னி ரோடு பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். வீடு ஒற்றை அறை. அங்கே அவரைக் கவனித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர். பேச்சுக் கொடுத்தார், படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். 1907இல் பீமாராவ் மெட்ரிக்குலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில் நடந்ததற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, ஒரு புத்தகம் சரியான பையனின் கைக்குச் சரியான வயதில் போய்ச் சேர்ந்தது. கேளுஸ்கர் நூலகர் இல்லை. ஆனால் நூலகருக்கு என்ன வேலை என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பூங்காவில் தனியாக உட்கார்ந்திருக்கிற பையனைக் கவனிப்பது. மானியக் குழுவின் அட்டவணையில் அதற்கு எந்த இனத்தில் தரம் போடுவார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஐந்தாவது மூட்டையில் கூட இடமில்லை.

பரோடாவையும் சொல்ல வேண்டும். அம்பேத்கருக்கு உதவித்தொகை கொடுத்து 1913இல் கொலம்பியாவுக்கு அனுப்பிய சாயாஜிராவ் கெய்க்வாட்தான், அதற்கு மூன்று ஆண்டு முன்பு போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்துத் தன் சமஸ்தானத்தில் பொது நூலகங்களைக் கட்டியெழுப்பியவர். புத்தகப் பெட்டிகளைக் கிராமங்களுக்குச் சுற்றுக்கு அனுப்பினார்கள். நாட்டிலேயே முன்மாதிரி என்று நூலக வரலாற்றில் எழுதுகிறார்கள், அது உண்மைதான். 1917இல் அந்தப் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். அலுவலகத்தில் கோப்புகளைத் தூக்கி எறிந்தார்கள். நல்ல நூலகம் இருந்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதே ஆண்டில், வெளிநாட்டில் அவர் சேர்த்த புத்தகங்கள் வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. இழப்பீடாகக் கிடைத்த 600 ரூபாய் பரோடா பயணச் செலவுக்கு ஆயிற்று. புத்தகம் தொலைவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். தாதரில் ராஜகிருகத்தில் சேர்த்திருந்த நூல்களில் பெரும்பகுதி அந்தக் கல்லூரி நூலகத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் எடுத்துப் படிக்கத்தான்.

சரி, இந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்கிற வாய்ப்பாவது யாருக்கு இருக்கிறது?

நம் பிள்ளைகள் பலர் நூலக அறிவியல் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கல்லூரியில் நூலகர் பதவி ஒன்றே ஒன்று. உதவிபெறும் தனியார் கல்லூரியில் அந்தக் கல்லூரிதான் நியமன அலகு. தனிப் பதவிக்கு இட ஒதுக்கீடு கிடையாது, சுழற்சி முறையில்கூடக் கொடுக்கக் கூடாது என்று 1998இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஒன்றே ஒன்றை ஒதுக்கினால் அது நூறு சதவீத ஒதுக்கீடு ஆகிவிடுமாம். அந்த ஒன்று எப்போதும் அவர்களுக்கே போனால் அதுவும் நூறு சதவீதம்தான் என்பது அந்த அமர்வின் கண்ணில் படவில்லை. சிறுபான்மைக் கல்லூரிகளில் பணி நியமன இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. மீதி அரசுக் கல்லூரிகள். அங்கே மாநிலம் முழுக்க ஒரே தொகுப்பு என்பதால் சுழற்சிப் பட்டியல் வேலை செய்யும், பணியிடத்தை நிரப்பினால். நிரப்பாத இடங்களில் ஒரு பேராசிரியர் 'பொறுப்பு' நூலகர். கதவைத் திறப்பவர் தினக்கூலி.

சுயநிதிக் கல்லூரியில் மானியக் குழு விதி காகிதத்தில் இருக்கும். தொகுப்பூதியத்தில் ஒரு பெண் இருப்பார். அவருக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்பதுதான் அவருடைய ஆண்டு மதிப்பீடு. ஒரு புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவர் பீரோவைப் பூட்டி வைக்கிறார் என்று நாம் கோபப்பட முடியுமா? பணி நிலையில்லாத நூலகரிடம் தாராளமான நூலகத்தை எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை வேலைப் பாதுகாப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அங்கே சமுதாயக் கல்லூரி என்பது இரண்டாண்டுக் கல்லூரி; கறுப்பின, லத்தீன் அமெரிக்க, புலம்பெயர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பெருமளவில் நுழைகிற வாசல். அந்த மாநிலச் சட்டத்தில் நூலகர் ஆசிரியர்தான். 1988இல் வந்த சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பணி நிரந்தரம் ஆவதற்கு நான்கு ஆண்டுவரை ஆகும். அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பீடு. சக ஆசிரியர்கள் மதிப்பிட வேண்டும், முடிந்தவரை மாணவர் கருத்தும் அதில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பல கல்லூரிகளில் மதிப்பிடுகிறவர் நூலகரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாணவர் வந்து தட்டுத் தடுமாறி ஏதோ கேட்கும்போது நூலகர் எப்படிப் பேசுகிறார், கேள்வியை எப்படித் தெளிவாக்கித் தருகிறார் என்று பார்க்கிறார். நிரந்தரமான பிறகும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு தொடரும். சொர்க்கம் ஒன்றும் இல்லை அது. பகுதிநேர நூலகர்கள் அங்கேயும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான். ஆனால் அங்கே மதிப்பீட்டின் நடுவில் மாணவர் ஒருவர் நிற்கிறார். நம் படிவத்தின் நடுவில் ஒரு பீரோ நிற்கிறது.

நம்மிடமும் புழக்கத்தை எண்ணத் தெரியாமல் இல்லை. கல்லூரிக்குத் தரம் கொடுக்கிற நாக் அமைப்பு, ஒரு நாளைக்கு எத்தனை ஆசிரியரும் மாணவரும் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று கல்லூரியிடம் கணக்குக் கேட்டிருக்கிறது. கல்லூரியின் பெருமைக்கு அந்த எண் தேவைப்படுகிறது. நூலகரின் உழைப்பை மதிக்க அது தேவைப்படவில்லை. அதோடு, நாக் குழு வரப்போகிறது என்றால் வருகைப் பதிவேடுகள் எப்படி ஒரே பேனாவில், ஒரே சாய்வான எழுத்தில் நிரம்புகின்றன என்பது கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரியும். இரவல் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக்கினால் அதற்கும் இதே கதிதான். ஆகவே எண் ஒரு பக்கம் இருக்கட்டும், மாணவரின் வாய் வார்த்தையும் வேண்டும் என்கிறேன். எத்தனை முதலாண்டு மாணவர்கள் ஒரு புத்தகமாவது எடுத்துப் போனார்கள், மூன்றாண்டு முடித்துப் போகிறவர்களில் ஒரு தடவைகூட எடுக்காதவர்கள் எத்தனை பேர், மாணவர்கள் கேட்டு வாங்கிய நூல்கள் எத்தனை என்பதெல்லாம் எண்ணக்கூடியவை. நூலகர் எப்படி நடத்தினார் என்பதை மாணவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இந்த மண்ணிலிருந்து ஓர் உதாரணம். நம் பாலாற்றைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்திய மண்ணில் அழுத்தமாக வேரூன்றியது நம் டேனரிக் கழிவால்தான். இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதைப் பற்றித் தீர்ப்பு சொல்லியது. இங்கே வேதியியலும் பொருளியலும் வரலாறும் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்திருக்கிறார்கள்? அப்பா டேனரியில் தொட்டி இறங்குகிறவர், அம்மா ஷூ கம்பெனியில் மிஷின் போடுகிறவர். அந்தப் பிள்ளைக்கு இந்த இரண்டு தீர்ப்பையும், பேரணாம்பட்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிற அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'யையும் சேர்த்து ஒரு நூலகர் மேசை மேல் எடுத்து வைத்தால், அது தேசியக் கருத்தரங்கு ஒன்றைவிடப் பெரிய வேலை. இன்றைய அட்டவணையில் அதற்குத் 'தகவல் பரப்பும் ஏற்பாடு' என்று மூட்டைக்குள் ஒரு வரி. அதுவும் விருப்பத்துக்கு உட்பட்டது.

2025 ஜனவரியில் மானியக் குழு புதிய வரைவு விதிகளை வெளியிட்டது. துணைவேந்தர் தேர்வில் மாநில உரிமை பறிபோகிறது என்று தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. சரியான தீர்மானம், நாமும் ஆதரித்தோம். துணைவேந்தரைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினார்கள். நூலகரைப் பற்றி நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழவில்லை. நம் பிள்ளை மூன்று வருடத்தில் துணைவேந்தரைப் பார்ப்பது பட்டமளிப்பு மேடையில் ஒரு நிமிடம். நூலகரைப் பார்க்க வேண்டியது வாரம் மூன்று தடவை.

நாம் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். டெல்லிக்குப் போய் விதியை மாற்றுவதற்கு முன்பே செய்யக்கூடியது இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்தர உறுதிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஐ.க்யூ.ஏ.சி. என்றால் மாணவர்களுக்குத் தெரியும். ஆசிரியர்கள், நூலகர்களின் மதிப்பீட்டு ஆவணங்களைத் தொகுத்து வைக்க உதவுவது அதன் வேலைகளில் ஒன்று. அதன் உறுப்பினர்களில் மாணவர் பிரதிநிதியும், முன்னாள் மாணவரும், உள்ளூர்ச் சமூகத்தின் பிரதிநிதியும் இருக்க வேண்டும். அந்த உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதியாக இப்போது யார் இருக்கிறார்கள்? நகைக்கடை முதலாளியா, ரோட்டரி சங்கத் தலைவரா? சேரியிலிருந்து ஒருவர் ஏன் இருக்கக் கூடாது? அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து இழப்புக் கணக்கை இரவல் கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள் என்று கேட்க எந்த விதியும் தடையில்லை. அப்படிக் கேட்டால் நல்ல நூலகருக்கு அது கவசம். அவர் நம் எதிரி இல்லை என்பதை அவருக்கு முதலில் நாம்தான் தெரியப்படுத்த வேண்டும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசுக் கல்லூரியும் உதவிபெறும் கல்லூரியும் அதற்குள் வருகின்றன. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி ஒரு மனு. நூலகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து காலி. கடந்த மூன்று ஆண்டுகளில் மாணவர்களுக்கு இரவல் கொடுத்த எண்ணிக்கை, ஆசிரியர்களுக்குக் கொடுத்த எண்ணிக்கை. ஓராண்டுக்கு மேல் திரும்பாத நூல்கள் மாணவர்களிடம் எத்தனை, ஆசிரியர்களிடம் எத்தனை. இருப்புச் சரிபார்ப்பு கடைசியாக நடந்த தேதி, அதன் அறிக்கை நகல். அம்பேத்கர் நூல் தொகுப்பு இருக்கிறதா, இருந்தால் இரவல் பிரிவிலா, பூட்டிய பீரோவிலா. யார் பெயரும் கேட்க வேண்டாம். எண் மட்டும் போதும். பெயரைக் கேட்டால் அந்தரங்கம் என்று மறுத்துவிடுவார்கள். மனுவின் மாதிரியைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருக்கிற தோழர்களிடம் அறுபது பிரதி இருக்கிறது. எந்தெந்தக் கல்லூரிக்கு யார் போடுவது என்று கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பிரித்துக்கொள்வோம். பதில் வர முப்பது நாள் ஆகும். பதிலோடு மறுபடி இங்கேயே கூடலாம். ஜெய்பீம்.